சிவப்புப் பொட்டு மேலே இருக்க வேண்டும்

என் கேமராவுக்கு இரண்டு கண்கள். ஒன்றின் தலைமேல் இன்னொன்று. மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் எடுப்பதற்கு. பார்ப்பது ஒருவர், செய்வது வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டை நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்து வருவதால், கேமராவைக் கையில் வாங்கியதுமே பழகிவிட்டது.

அது ஜெர்மனியில் செய்தது, என்னைவிட மூத்தது. பெட்டி மாதிரி இருக்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து பார்க்க வேண்டும். தொப்பை இருப்பவர்களை மனதில் வைத்தே செய்திருப்பார்கள் போல. என் வயிற்றின்மேல் அப்படிப் பாந்தமாக உட்காரும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் தெரியும். ஆனால் இடம் வலமாக, வலம் இடமாக. மேலவீதியில் வடக்கே போகிற ஆட்டோ அதில் தெற்கே போகும். நான் அதைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்பினால் ஆட்டோ இன்னும் வேகமாக ஓடிவிடும். அதனால் நகராத பொருட்களாகப் பார்த்து எடுத்துவந்தேன். பெரிய கோயில் நந்தி என்னிடம் பலமுறை படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறைகூட ஆடவில்லை.

விலை என்ன என்று கேட்பவர்களுக்கு, என் மனைவியிடம் சொன்னதையே சொல்லிவிடுகிறேன்: நண்பர் ஒருவர் சும்மா கொடுத்தார்.

அவளும் அதை நம்பியதாகச் சொல்லிவிட்டாள். "இந்த வயசுல ஒங்களுக்கு வந்த ஆசை இது ஒன்னுதான். இதோட போகட்டும்" என்றாள்.

இந்தக் கேமராவில் மனிதர்களை எடுப்பதில் ஒரு சங்கடம். கிட்டத்தில் இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. மூன்றடிக்கு மேல் தள்ளி நின்றால்தான் தெரியும். அப்படித் தள்ளி நின்று ஒருவரை எடுத்தால் அவரோடு அவர் வீட்டு ஸ்கூட்டி, கொடியில் காயும் துண்டு, எட்டிப் பார்க்கும் ஆடு எல்லாம் வந்து சேரும். முகம் நடுவில் எங்கோ எலுமிச்சம்பழ அளவில் இருக்கும். முகத்தை முகமாக எடுப்பதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு துணைக்கண்ணாடி ஜோடி செய்து விற்றிருக்கிறார்கள். நாற்பது தாண்டியவர்கள் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். என் கேமராவுக்கு வயது கூடுதல், கண்ணும் இரண்டு, ஆகவே கண்ணாடியும் இரண்டு. அதையும் ஒரு நண்பர் சும்மா கொடுத்தார்.

கீழ்க் கண்ணுக்கு மெல்லிய கண்ணாடி. மேல் கண்ணுக்குத் தடித்தது. அந்தத் தடித்த கண்ணாடியைச் சாய்வாக இழைத்திருப்பார்கள். மேலே இருக்கும் கண்ணின் பார்வையைச் சற்றே கீழே வளைத்து, கீழ்க் கண் பார்ப்பதையே பார்க்கவைப்பது அதன் வேலை. அதன் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. மாட்டும்போது அது உச்சியில் இருக்க வேண்டும். மறந்துபோய்க் கீழே வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். மேல் கண் இன்னும் மேலே அண்ணாந்து பார்க்கும், கீழ்க் கண் தன்பாட்டுக்குக் கீழே இருப்பதை எடுத்துக்கொண்டிருக்கும். குனிந்து பார்க்கிற எனக்கு எதுவும் தெரியாது. நான் தலையைப் பார்த்திருப்பேன், படத்தில் தலை இருக்காது.

கண்ணாடி மாட்டிய முதல் ஃபிலிம் ரோலில் என் மனைவியை எடுத்தேன். கழுவிப் போனுக்கு அனுப்பிய படத்தில் மூக்குக்குக் கீழேதான் இருந்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் சொல்றது எதுவும் ஒங்க மண்டையில ஏறாதுன்னு தெரியும். இப்ப என் மண்டையே ஒங்க படத்துல ஏறல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியை வாங்கிப் பொட்டை மேலும் கீழும் சுற்றிப் பார்த்தாள். "பொட்டு நெத்தியில இருக்கணும், மோவாயில இருந்தா தலை போயிரும். அவ்வளவுதானே?" என்றாள். நான் இரண்டு மாதம் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டதன் சாரம் அவ்வளவுதான்.

பொட்டை நெற்றிக்குக் கொண்டுவந்த பிறகும் தொல்லை தீரவில்லை. இந்தக் கண்ணாடியை மாட்டினால் எதிராளி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மனிதர்கள் படம் எடுக்கும்போது அவ்வளவு கிட்டத்தில் நிற்க மாட்டார்கள், மரியாதைக் குறைவு. அக்கா வீட்டு மச்சானின் சிநேகிதர் ஒருவரை அவர் வயல் வரப்பில் எடுக்கப் போனேன். நான் ஓர் அடி நெருங்கினால் அவர் ஓர் அடி பின்னால் போனார். கண்ணாடி தெளிவு தருகிற ஆழம் விரற்கடைதான். அவர் அசைந்தால் அவர் மூக்கு தெளிவதற்குள் காது கலங்கிவிடும். நான் குனிந்த தலை நிமிராமல் முன்னேற, அவர் சிரித்த முகம் மாறாமல் பின்வாங்க, நாங்கள் இருவரும் நாற்று விட்டிருந்த வயல் முழுக்க ஊர்வலமாகப் போனோம். கடைசியில் மதகுக் கட்டையின்மேல் ஏறி நின்றுகொண்டு, "சார், இதுக்குப் பின்னாடி தண்ணிதான்" என்றார்.

குத்தாலத்தில் நடந்தது வேறு மாதிரி. மனைவியின் பெரியப்பா அங்கே இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். நல்ல முகம், புருவமெல்லாம் வெண்பட்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு எதிரே கை எட்டும் தூரத்தில் போய் நின்று, தலையைக் குனிந்து, பேசாமல், அசையாமல் தெளிவைத் தேடிக்கொண்டிருந்தேன். சதுரத்துக்குள் அவர் முகம் கனிவதைப் பார்த்தேன். ஆகா, இதுதான் தருணம் என்று விரலை வைத்தேன். அதற்குள் ஏதோ பெரிதாக, ரேகை ரேகையாகக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு வந்தது. என் தலைமேல் ஒரு கை விழுந்தது.

"நல்லா இருங்க மாப்ள. குடும்பத்தோட நல்லா இருங்க" என்றார் பெரியப்பா. உள்ளே திரும்பி, "அந்தத் திருநீத்துத் தட்ட எடுத்துட்டு வாம்மா. மாப்ள நமஸ்காரம் பண்றாரு" என்று குரல் கொடுத்தார்.

படத்தில் உள்ளங்கை மட்டும் அருமையாக வந்திருந்தது. கைரேகை தெரிந்தவர்கள் பார்த்தால் பெரியப்பாவின் ஆயுளைக் கணித்துவிடலாம். இதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் இதைவிட, ஒரு முகத்துக்குமேல் அந்தக் கண்ணாடியில் இடமில்லை என்று நான் போகிறபோக்கில் சொன்னதைத்தான் மனதில் வாங்கியிருக்கிறாள். அது எனக்குத் தேர்தல் வந்தபோதுதான் தெரிந்தது.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஊராட்சித் தலைவராவதற்கென்றே தன்னைப் பல வருடமாகத் தயார்செய்து வந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவர் போகாத கல்யாணம் இல்லை, சுமக்காத பாடை இல்லை. காதுகுத்தென்றால் தாய்மாமனுக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்பார். அப்படி உழைத்தவரின் ஊரை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்று மச்சான் டீக்கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து உள்ளே பார்த்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை அவ்வளவு நேரம் அவர் பார்த்தது அன்றுதான் என்று அக்கா சொல்வாள். "நீ நில்லு" என்றாராம். "நின்னுக்கிட்டுதானே இருக்கேன், கல்யாணமான நாள்லேருந்து" என்றாளாம்.

மனுத்தாக்கல் முடிந்தது. பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. அதற்கு மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டு வா. ஒரு ஆளுதான் விழுவாங்கன்னியே, அந்தக் கண்ணாடியையும் மறக்காம எடுத்துக்க."

"என்னக்கா விஷயம்?"

"ஒங்க மச்சான் பேனருக்கு மாதிரி ஒன்னு போட்டுட்டு வந்திருக்காங்க. போன்ல அனுப்பியிருக்கேன், பாரு."

பார்த்தேன். நட்டநடுவில், இடுப்புவரை, கும்பிட்ட கையோடு மச்சான். வலது மூலையில் பூட்டும் சாவியும். அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள், ஏதோ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த அக்கா. அவள் தோளில் யாருடைய விரலோ பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூட்டு பெருசா இருக்கு, சாவி பெருசா இருக்கு. நான் சாவிக்கொத்துல தொங்குற பொம்மை மாதிரி இருக்கேன்" என்றாள். பிறகு குரல் மாறியது. "வடக்குத் தெருவுல பொம்பளைங்க இன்னமும் ஒத்தப் பனங்கட்டைமேல நடந்துதான் வாய்க்காலத் தாண்டுறாங்க. அதுக்கு ஒரு பாலம் கேட்டு யூனியன் ஆபீசுக்கு எத்தன தடவ போயிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும், வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையான்னுதான் கேக்குறாங்க. ஜெயிச்சா அந்த நாற்காலியில ஒக்காரப்போறது யாருன்னு ஊருக்கு இப்பவே தெரிஞ்சுரணும்டா. இப்பத் தெரியலன்னா அப்புறம் எப்பவுமே தெரியாது."

"மச்சான்கிட்டயே சொல்லிர வேண்டியதுதானே?"

"ஓட்டுக் கேக்குற நேரத்துல வீட்டுல சண்டைன்னு ஊர் பேசணுமா? அவங்களும் நல்லவங்கதான். ஆசைப்பட்டுட்டாங்க, பாவம். நான் வேணாம்னா மனசு கஷ்டப்படும். ஒன் கண்ணாடி வேணாம்னு சொல்லட்டும்."

கலைஞனாக நான் அழைக்கப்படவில்லை என்பது எனக்குப் புரியத்தான் செய்தது. ஆனாலும் அதுவரை யாரும் என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டதே இல்லை. கையிலிருந்த கடைசி ரோலைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். கருப்பு வெள்ளை ரோல். கலர் ரோல் என்னிடம் இல்லை.

நான் போனபோது மச்சான் வாசலிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். காதோரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வா மாப்ள. நான் எங்க நிக்கணும்?"

டிராக்டர் கொட்டகை வாசலில் வெயில் நேரடியாக விழாமல் நல்ல வெளிச்சம் இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்காரவைத்தேன். கரும்பச்சைச் சேலை, காதில் சின்னத் தோடு. கண்ணாடி ஜோடியை மாட்டினேன், பொட்டு உச்சியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன்.

"மச்சான், இது ஒரு முகத்துக்கான கண்ணாடி. இதுல ரெண்டு பேர் விழ மாட்டாங்க."

"அப்ப அதக் கழட்டு."

"கழட்டுனா டிராக்டரும் சேந்து விழும்" என்றாள் அக்கா.

"விழட்டுமே. சொந்த டிராக்டர்தானே?"

"எதிர்ல நிக்கிறவங்களுக்கு ரெண்டு டிராக்டர் இருக்கு. நாமளே போய்க் காட்டிக் கொடுக்கணுமா?"

மச்சான் யோசித்தார். அரசியல்வாதிக்கு அந்த வாதம் புரியும். ஆனால் மனம் கேட்கவில்லை. "நான் பாக்குறேன் குடு" என்று கேமராவை வாங்கிக் குனிந்தார். உள்ளே அக்காவைத் தேடினார். அவள் இடப்பக்கம் தெரிய, அவர் இடப்பக்கம் திருப்ப, அவள் இன்னும் இடப்பக்கமாக ஓடிவிட்டாள். மறுபடியும் தேடினார். "என்ன மாப்ள இது, ட்ரெய்லர் மாட்டிக்கிட்டு ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு" என்றவர், ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழகிய கை என்பதால் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துவிட்டார். "இந்தா, பக்கத்துல எடம் இருக்கே! கன்னத்தோட கன்னம் வெச்சா ரெண்டு பேரும் தாராளமா விழலாம்."

சொன்னவர் நேரே போய் அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்துவிட்டார். அக்கா அப்படியே சிலையாகிவிட்டாள். நான் குனிந்தேன். உண்மையில் இரண்டு முகமும் விழுந்தன. என் கண்ணாடி தோற்றது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் தவிட்டு வாளியோடு மாட்டுக்குப் போகிற வழியில் நின்றார்.

"என்னண்ணே இது! தாலி கட்டுனப்பகூட இவ்வளவு ஒட்டி ஒக்காரலயே! நான் அன்னைக்குப் பந்தல்லதான் இருந்தேன். நடுவுல ஒரு ஆளு ஒக்கார எடம் விட்டிருந்தீங்க!"

மச்சானைத் தேள் கொட்டியது போல இருந்தது. துள்ளி எழுந்தார். தெருவில் இன்னும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "இல்ல தங்கச்சி, மாப்ளதான் அப்படி ஒக்காரச் சொன்னாரு" என்றார். நான் தலைநிமிரவில்லை.

"இத அப்படியே நோட்டீஸ்ல போடுங்கண்ணே. ஓட்டு விழுதோ இல்லையோ, ஊருல நாலு புருஷனுக்குப் புத்தி வரும்."

"ஏம்மா, மாடு கத்துது பாரு" என்றார் மச்சான்.

மாடு கத்தவில்லை. அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டார். கை எட்டும் தூரத்தைப் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு பேர் விழ வேண்டுமானால் கன்னத்தோடு கன்னம்தான் வழி. எங்கள் ஊரில் தலைமுடி நரைத்த புருஷன் பட்டப்பகலில் தெருவாசலில் அதைச் செய்ய மாட்டான், தலைவர் பதவிக்காகக்கூட. ஜெர்மனியில் அந்தக் கண்ணாடியை இழைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் மச்சான் எளிதில் விடுகிறவர் அல்ல. "மாப்ள, அதக் கழட்டிட்டு ஒரு தரம் பாரு. நான் பின்னாடி தள்ளி நின்னா எப்படி இருக்குன்னு" என்றார். கழற்றினேன். டிராக்டர் வந்தது, எதிர்வீட்டு அம்மாளின் வாளி வந்தது. "சரி, மாட்டு. மாட்டிக்கிட்டே பாக்கலாம்" என்றார். மாட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் வேறு, "சார் கண்ணாடிய மாட்டுறதும் கழட்டுறதுமா இருக்காரே, கேமராவுக்குக் கண் ஆபரேஷனா?" என்று கேட்டதில் தெருவே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. அவசரத்தில் மாட்டிய கையோடு குனிந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மச்சான் அக்காவுக்குப் பின்னால், கௌரவமான தூரத்தில், கும்பிட்டபடி நிற்பார். அவர் முகம் அக்காவின் தலைக்கு மேலே தெரியும். ராஜா ராணிக்குப் பின்னால் கோபுரம் தெரிகிற மாதிரி இருக்கும் என்றார். அதில் கோபுரம் அவர்.

அக்கா கேமராவை உற்றுப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் கொஞ்சம் அமிழ்ந்து உட்கார்ந்தாள். சதுரத்தில் அவள் மோவாய் கீழ்விளிம்பைத் தொட்டுவிட்டது.

"நிமிந்து ஒக்காருக்கா."

"இடுப்பு வலிக்குதுடா. நீ எடு."

"கொஞ்சமாவது நிமிரு."

"வலிக்குதுங்குறேன்."

"விடு மாப்ள" என்றார் மச்சான் நெகிழ்ந்துபோய். "எனக்கு எடம் விடறா."

உண்மைதான். அவள் இறங்கியதில் மச்சானின் முகம் முழுதாகச் சதுரத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் என் கண்ணாடியின் தெளிவு அக்காவின் கண்ணிமையிலேயே தீர்ந்துபோகிறது. அவருக்கு மிச்சமில்லை.

"நான் தெரியறனா மாப்ள?"

"தெரியறீங்க மச்சான்."

மார்கழிப் பனியில் வருகிற பஸ் தெரிகிற மாதிரி தெரிந்தார். பஸ் என்று தெரியும், எந்த ஊர் பஸ் என்று தெரியாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "கண்ண மூடிட்டேன்னு நெனக்கிறேன், இன்னொன்னு எடு", "துண்டு சரிஞ்சிருச்சு, இன்னொன்னு" என்று அவர் சொல்லச் சொல்ல ரோலில் இருந்த பன்னிரண்டு படமும் தீர்ந்துவிட்டன. அக்கா ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தனை நேரமும் அவள் பார்வை கேமராவின் இரண்டு கண்களைவிட்டு நகரவே இல்லை.

ரோலைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். கழுவி, போனுக்கு அனுப்பிவைப்பார்கள். அது வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். பிட் அடிக்கிறவர்களைப் பிடிக்க வேண்டியவன், மேசைக்கு அடியில் போனை வைத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

அக்கா முழுதாக இருந்தாள். வகிட்டிலிருந்து மோவாய்க்குக் கீழே கழுத்துச் சங்கிலிவரை, சதுரத்தை நிறைத்துக்கொண்டு இருந்தாள். அமிழ்ந்து உட்கார்ந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நேராக, நடுவில் இருந்தாள். இடது புருவம் ஒரு நூல் உயர்ந்திருந்தது. காய்கறிக்காரர் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்ப்பாளே, அதே பார்வை. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. எதற்கும் அவள் வருத்தம் தெரிவிப்பதாக இல்லை. நான் எடுத்த படம் என்று தோன்றவே இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

அவளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மேகம். மேகத்தின் நடுவில் இரண்டு கைகள் கூப்பியிருப்பது மாதிரி ஏதோ கலங்கலாக. மேகத்துக்குத் தலை இல்லை.

பன்னிரண்டிலும் இல்லை.

அன்று மாலையே அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லா வேட்பாளர்களும் வரிசையில் நிற்கிறார்கள், இன்று விட்டால் பேனர் வருவதற்குள் ஓட்டுப் பதிவே முடிந்துவிடும் என்று ஒரத்தநாட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் பஸ் பிடித்துப் போனேன். அக்காவும் மச்சானும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் படத்தைக் கடைக்காரரின் போனுக்கு அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டரில் திறந்தார். திரை முழுக்க அக்கா வந்தாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணீர் அஞ்சலியா சார்? கருமாதி என்னைக்கு?"

"நான்தாங்க அது" என்றாள் அக்கா என் பின்னாலிருந்து. "இன்னும் இருக்கேன்."

அவர் பதறி எழுந்துவிட்டார். கருப்பு வெள்ளையில் பெரிய முகம் வந்தால் அவர் கடையில் அதற்கு அந்த ஒரே அர்த்தம்தான் என்று விளக்கினார். பிறகு நிலைமையைச் சரிசெய்யும் பொருட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கீங்கம்மா. பின்னாடி என்ன அது, வேட்டி காயப் போட்டிருக்கா? அழிச்சுரவா?" என்று கேட்டார்.

"அது நான்" என்றார் மச்சான்.

திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து மேகத்தை மேலும் கீழும் தேடினார்.

"மாப்ள, என் தலை எங்க?"

"மச்சான், அது வந்து, இந்தக் கேமராவுல மேல ஒரு லென்ஸ் இருக்கு, கீழ ஒரு லென்ஸ் இருக்கு. மேல இருக்கறது..."

"ஒன் பாடத்தக் காலேஜ்ல நடத்து. தலை எங்க?"

அவர் கடைக்காரரிடம் திரும்பி, தன் போனில் இருக்கும் படத்திலிருந்து தலையை எடுத்து மேகத்தின்மேல் வைக்கச் சொன்னார். கடைக்காரர் வைத்துக் காட்டினார். பனிமூட்டத்தின்மேல் யாரோ ஒரு பரங்கிக்காயை வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது, சாயம் பூசிய பரங்கிக்காய். அதுவும் தலை நிற்கவேண்டும் என்பதற்காக அக்காவைக் கீழே இறக்கியதில், சின்னம் பேனரைவிட்டு வெளியே போய்விட்டது.

"சின்னமா தலையா, சொல்லுங்கண்ணே" என்றார் கடைக்காரர். "ரெண்டுல ஒன்னுக்குத்தான் எடம். இல்லன்னா அம்மாவ எடுத்துரவா?"

அக்கா சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மச்சானையே பார்த்தாள். இடது புருவம் ஒரு நூல் உயர்ந்திருந்தது.

மச்சான் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்னத்த வை" என்றார். "ஓட்டுச் சீட்டுல என் தலையா இருக்கப்போவுது?"

கண்ணீர் அஞ்சலி சாயல் போவதற்காகக் கடைக்காரர் சேலைக்குக் கரும்பச்சை கொடுத்தார். நெற்றிப் பொட்டுக்குச் சிவப்பு கொடுத்தார். மேகத்தை அழிக்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

பேனர் கட்டிய பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் மற்றவர்களின் பேனர்களில் கணவர், கணவரின் அண்ணன், அவர்களுக்கு வேண்டிய பெரிய மனிதர்கள் என்று தலைகள் குலைகுலையாகத் தொங்கின. வேட்பாளரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்களுடையதில் ஒரே முகம், கட்டில் அளவுக்கு. மச்சான் ஒவ்வொரு பேனருக்குக் கீழேயும் நின்று, போகிற வருகிறவர்களை நிறுத்தி, "பின்னாடி தெரியுதே ரெண்டு கை, அது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஒருவர் அம்மன் என்றார். மச்சான் விடாமல் எல்லோரையும் படத்தின் அருகே அழைத்துப்போய்க் காட்டினார். அப்படிக் காட்டியதில் ஊரே அக்காவின் முகத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்து முடித்தது. வடக்குத் தெருவில், அவளை அதுவரை மச்சான் வீட்டம்மா என்று மட்டும் அறிந்திருந்த ஒரு பெண், பனங்கட்டையின் நடுவில் நின்றுகொண்டு, "அந்தப் பெரிய மூஞ்சிக்காரம்மா நீங்கதானே?" என்று கேட்டாளாம். அக்கா இதை எனக்குப் போனில் சொன்னபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

அக்கா ஜெயித்தாள். என் கேமராவால்தான் என்று நான் எங்கும் சொல்வதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பதவியேற்புக்கு மறுவாரம் போயிருந்தேன். அக்கா ஊராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாலம் விஷயமாக ஓவர்சியர் வருகிறார் என்றாள். மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில், டிராக்டர் கொட்டகை வாசலில், அதே பிளாஸ்டிக் ஸ்டூலில் எனக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, எனக்கு ஒன்னு எடு. அந்த ஒரு ஆளு விழுற கண்ணாடியிலயே எடு. தலையோட."

கண்ணாடி ஜோடியை வெளியே எடுத்தேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பொட்டு மேல இருக்கான்னு பாத்துக்கடா" என்றாள் மெதுவாக.

"அன்னைக்கு அவசரத்துல கீழ வந்திருக்குக்கா. மேலேருந்து குனிஞ்சு பாக்கறவனுக்கு அது தெரியாது."

"எதிர்ல ஒக்காந்திருக்கறவளுக்குத் தெரியும்ல?"

நான் கையிலிருந்த கண்ணாடியின் பொட்டைப் பார்த்தேன்.

"அதான் கொஞ்சம் அமுந்து ஒக்காந்தேன்" என்றாள். "நிமிரு நிமிருன்னு நீ வேற உயிர எடுத்த."

செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். நான் பொட்டை உச்சிக்குத் திருப்பி மாட்டிவிட்டுக் குனிந்தேன். மச்சானின் முகம் சதுரத்தை நிறைத்தது, காதோரச் சாயம் உட்பட. இத்தனை கிட்டத்தில் யாரும் பார்த்துப் பழக்கமில்லாததால் வெட்கத்தில் அவர் முகம் ஒருபக்கமாகக் கோணியது.

"என்ன மாப்ள சொல்லிட்டுப் போறா?"

"ஒங்கள நிமிந்து ஒக்காரச் சொன்னாங்க மச்சான்" என்றேன்.